ஒரே குப்பி, இரண்டு எண்ணிக்கை: ஒளியைக் கொண்டு வைரஸை அளப்பது எப்படி?

2020 நவம்பர் 23 அன்று ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகமும் அஸ்ட்ராஜெனெகா நிறுவனமும் தங்கள் கொரோனா தடுப்பூசியின் இடைக்கால முடிவை அறிவித்தன. ஒரு எண்ணை எதிர்பார்த்தவர்களுக்கு மூன்று எண்கள் கிடைத்தன. இரண்டு முழு டோஸ் போட்டுக்கொண்டவர்களிடம் 62 சதவீதச் செயல்திறன். முதலில் ஏறத்தாழ அரை டோஸும் பிறகு முழு டோஸும் போட்டுக்கொண்டவர்களிடம் 90 சதவீதம். இரண்டையும் சேர்த்தால் 70. குறைத்துக் கொடுத்தால் பலன் கூடுமா என்று படித்தவர்கள் குழம்பிக்கொண்டிருந்தபோதே, அந்த அரை டோஸ் திட்டமிட்டுக் கொடுத்ததல்ல என்ற செய்தியும் வந்தது.

அளவு பார்க்காமல் ஊசி போட்டுவிட்டார்கள் என்பதுபோலத்தான் அது பரவியது. உண்மையில் ஊசி போட்டவர்களின் கை தவறவில்லை. மருந்தில் எத்தனை வைரஸ் துகள்கள் இருக்கின்றன என்று முன்கூட்டியே எண்ணியதில்தான் பிசகு நேர்ந்தது. அப்படி எண்ணியது, புற ஊதா ஒளியைச் செலுத்திப் பார்க்கும் ஒரு கருவி. இந்தியாவில் கோவிஷீல்டு என்ற பெயரில் கோடிக்கணக்கானோர் போட்டுக்கொண்டது இதே தடுப்பூசிதான். ஆகவே அந்தக் கருவி எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்காது என்று தெரிந்துகொள்வது வீண் வேலையல்ல. "ஐந்து நொடியில் வைரஸைக் கண்டுபிடிக்கும் லேசர்" என்று அவ்வப்போது வரும் செய்திகளை எடைபோடவும் அது உதவும்.

## ஒளி ஒரு பொருளைச் சந்திக்கும்போது

ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து வைத்த வரிசைக்கு நிறமாலை என்று பெயர். நம் கண்ணுக்குத் தெரிவது சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான துண்டு மட்டுமே. அதற்குக் கீழே புற ஊதா, மேலே அகச்சிவப்பு. ஒரு பொருளின்மேல் ஒளியைச் செலுத்தி, எந்த அலைநீளத்தில் எவ்வளவு போயிற்று, எவ்வளவு திரும்பி வந்தது என்று வரவு செலவு பார்ப்பதுதான் ஒளி நிறமாலையியல். அந்தக் கணக்கில் முக்கியமான இனங்கள் மூன்று.

1. உட்கவர்தல்: மூலக்கூறு ஒளியை விழுங்கிக்கொள்கிறது. எந்த அலைநீளத்தை விழுங்கும் என்பது மூலக்கூறுக்கு மூலக்கூறு மாறும்.
2. ஒளிர்தல்: விழுங்கிய ஒளியைச் சற்றே நீண்ட அலைநீளத்தில் திருப்பி உமிழ்கிறது.
3. சிதறல்: ஒளி விழுங்கப்படாமல் பல திசைகளிலும் தெறிக்கிறது.

கொரோனா வைரஸின் விட்டம் சுமார் 100 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் மிகச் சிறிய அலையே அதைப்போல நான்கு மடங்கு. அதனால் சாதாரண ஒளி நுண்ணோக்கியில் அதன் உருவம் பிடிபடாது. நிறமாலையியலும் வைரஸின் முகத்தைப் பார்ப்பதில்லை. வைரஸ் எந்தச் சரக்குகளால் ஆனதோ அவற்றை, அதாவது புரதம், மரபுப்பொருள், கொழுப்பு ஆகியவற்றின் வேதிப் பிணைப்புகளைத்தான் பார்க்கிறது. பின்னால் வரும் சிக்கல்கள் எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

மூன்றில் எளியது உட்கவர்தல். காபி டிகாஷனைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், இறக்கியவருக்கு அது முதல் டிகாஷனா இரண்டாவதா என்று தெரிந்துவிடும். கரைந்திருக்கும் சரக்கு கூடக் கூட ஊடுருவி வரும் ஒளி குறையும். பீர், லாம்பர்ட் ஆகியோரின் பெயரால் வழங்கும் விதி இதைத்தான் கணக்காகச் சொல்கிறது. அதில் பயன்படும் எண்ணுக்கு ஒளி அடர்த்தி என்று பெயர். விழுந்த ஒளியில் பத்தில் ஒரு பங்கு மட்டும் வெளியே வந்தால் ஒளி அடர்த்தி 1. நூற்றில் ஒரு பங்கு வந்தால் 2.

டம்ளரில் கருப்பாகத் தெரிவது எல்லாம் காபிதானா, அதில் பாதி சிக்கரியா என்பதை மட்டும் வெளிச்சம் சொல்லாது.

## 260, 280

வைரஸை எண்ணும் ஆய்வகங்களில் நாள்தோறும் அடிபடும் எண்கள் இந்த இரண்டும். டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டும் புற ஊதாவில் 260 நானோமீட்டரை ஒட்டி மிக அதிகமாக ஒளியை விழுங்குகின்றன. புரதங்கள் 280 நானோமீட்டரில் விழுங்குகின்றன. அவற்றில் உள்ள டிரிப்டோஃபான், டைரோசின் என்ற அமினோ அமிலங்களே அதற்கு முக்கியக் காரணம்.

ஒரு சென்டிமீட்டர் அகலக் கலத்தில், 260இல் ஒளி அடர்த்தி 1 என்று வந்தால், இரட்டை இழை டி.என்.ஏ. மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் இருக்கிறது, ஆர்.என்.ஏ.வாக இருந்தால் 40 மைக்ரோகிராம். இரண்டு அலைநீளங்களின் விகிதம் தூய்மையைக் காட்டும். தூய டி.என்.ஏ.வுக்கு 1.8 அளவிலும் தூய ஆர்.என்.ஏ.வுக்கு 2 அளவிலும் அந்த விகிதம் நிற்கும். குறைந்தால் புரதம் கலந்திருக்கிறதோ என்று சந்தேகிப்பார்கள்.

## ஐயாயிரம் கோடியை எண்ணுவது

ஆக்ஸ்ஃபோர்டு தடுப்பூசியில் இருப்பது கொரோனா வைரஸ் அல்ல; சிம்பன்சியிடமிருந்து எடுத்து, உடலுக்குள் பெருகாதபடி மாற்றப்பட்ட அடினோவைரஸ். கொரோனாவின் கூர்முனைப் புரதத்துக்கான மரபணுவை அது சுமந்து செல்கிறது. ஒரு டோஸ் என்பது அரை மில்லிலிட்டர். அதில் இருக்க வேண்டியவை 5,000 கோடி துகள்கள். இத்தனையை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. ஒளியால் எண்ணும் வழி இது:

1. வைரஸ் கலவையில் எஸ்.டி.எஸ். என்ற சோப்பு வகைப் பொருளைச் சேர்த்து 56 டிகிரி செல்சியஸில் சூடாக்குவார்கள். கூடு உடைந்து டி.என்.ஏ. வெளியே வரும். முழுத் துகளாக விட்டுவைத்தால் அது ஒளியைச் சிதறடிக்கும். சிதறிய ஒளியும் உணரிக்கு வந்து சேராது என்பதால், கருவி அதையும் விழுங்கப்பட்டதாகவே கணக்கு எழுதிவிடும்.
2. குவார்ட்ஸ் கலத்தில் ஊற்றி 260 நானோமீட்டரில் அளப்பார்கள். சாதாரணக் கண்ணாடி இந்தப் புற ஊதாவைத் தடுத்துவிடும், அதனால்தான் குவார்ட்ஸ்.
3. 320 நானோமீட்டரிலும் ஒரு தடவை பார்ப்பார்கள். டி.என்.ஏ.வோ புரதமோ அங்கே ஒளியை விழுங்குவதில்லை. அந்த இடத்தில் எண் எகிறினால் ஏதோ சிதறடிக்கிறது என்று பொருள்.
4. கிடைத்த ஒளி அடர்த்தியை 1.1 லட்சம் கோடியால் பெருக்குவார்கள். விடை, ஒரு மில்லிலிட்டரில் உள்ள துகள்களின் எண்ணிக்கை.

நான்காவது படியில் உள்ள எண் 1968இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து வந்தது. இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அது சரியா என்று தாளில் போட்டே பார்க்கலாம். அடினோவைரஸின் டி.என்.ஏ. சுமார் 36,000 கார இணைகள் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்) நீளம். ஓர் இணையின் நிறை சராசரியாக 650 டால்டன் (மூலக்கூறுகளின் நிறையைச் சொல்லும் அலகு). 1.1 லட்சம் கோடி துகள்களின் டி.என்.ஏ.வை எடை போட்டால் ஏறக்குறைய 43 மைக்ரோகிராம் வரும். ஒளி அடர்த்தி 1க்கு 50 மைக்ரோகிராம் என்று மேலே பார்த்தோம். மிச்சம் இருக்கும் ஏழு மைக்ரோகிராம் அளவுக்கான ஒளியை விழுங்குவது கூட்டின் புரதம். அரை நூற்றாண்டுப் பழைய எண் என்றாலும் கணக்கு இடிக்கவில்லை.

## கணக்கு எங்கே இடித்தது

பிரிட்டனில் நடந்த களச் சோதனைக்கு, வெளியே ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் தயாரான ஒரு தொகுதி வந்தது. அதன் தரத்தைச் சரிபார்த்தபோது ஒரே மருந்துக்கு இரண்டு விடைகள் கிடைத்தன. ஓர் இடத்தில் முதன்மையாக நம்பியது, மரபு வரிசையைப் பெருக்கி எண்ணும் பி.சி.ஆர். முறையை, இன்னோர் இடத்தில் ஒளி முறையை. ஒளிக்கருவி 5,000 கோடி என்று சொன்ன அதே அளவு மருந்தில், பி.சி.ஆர். கண்டது 2,200 கோடி.

இருவரில் யாரை நம்புவது? முதல் கட்டச் சோதனை முழுவதும் ஒளி முறையில் அளந்தே நடந்திருந்தது. இப்போது முறையை மாற்றினால் முன்னதையும் பின்னதையும் ஒப்பிட முடியாது. இரண்டு எண்களில் எது சரியாக இருந்தாலும் டோஸ் பாதுகாப்பான எல்லைக்குள்தான் இருக்கும். இந்தக் காரணங்களால், பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்போடு கலந்து பேசி, ஒளிக்கருவியின் எண்ணையே எடுத்துக்கொண்டார்கள். பிறகு தெரிந்ததை வைத்துப் பார்த்தால் அது தவறான தேர்வு. அன்றைக்கு அது அசட்டுத்தனமான தேர்வு அல்ல.

ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு எதிர்பார்த்த அளவுக்குக் காய்ச்சலோ உடல்வலியோ வரவில்லை. சந்தேகம் அங்கே முளைத்தது. தோண்டிப் பார்த்தபோது, மருந்தில் துணைப்பொருளாகச் சேர்க்கப்பட்ட பாலிசார்பேட் 80 புற ஊதா அளவீட்டில் குறுக்கிட்டிருந்தது வெளிப்பட்டது. ஐஸ்கிரீம் உள்ளிட்ட உணவுகளிலும் சேர்க்கப்படும் ஒரு பால்மமாக்கி அது. தடுப்பூசியில் கலவை பிரியாமல் காப்பது அதன் வேலை. கோவிஷீல்டின் உள்ளடக்கப் பட்டியலிலும் அதன் பெயரைப் பார்க்கலாம். நம் டிகாஷன் கதையின் சிக்கரி அதுதான்.

இந்தக் குறுக்கீடு எவ்வளவு சிறியதாக இருந்தாலே போதும் என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஊசிக்குத் தயாரான கலவையின் செறிவை எடுத்துக்கொள்வோம். (தொழிற்சாலையில் இதைவிடச் செறிவான சரக்கை அளப்பதே வழக்கம், கணக்கின் போக்கு புரிய இது போதும்.) அரை மில்லிலிட்டரில் 5,000 கோடி துகள்கள் என்றால் ஒளி அடர்த்தி வெறும் 0.09; அதாவது விழுந்த ஒளியில் நூற்றுக்கு 81 பங்கு வெளியே வந்துவிடும். 2,200 கோடி மட்டுமே இருந்தால் 0.04, நூற்றுக்கு 91 பங்கு வெளியே வரும். இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாடு நூற்றில் பத்துப் பங்கு ஒளி. அந்தப் பத்துப் பங்கை வைரஸ் தடுத்ததா, வேறொன்று தடுத்ததா என்று கேட்கக் கருவிக்குத் தெரியாது.

பி.சி.ஆர். ஏமாறாததற்குக் காரணம், அது தேடுவது குறிப்பிட்ட ஒரு மரபு வரிசையை. அந்த வரிசை இருந்தால் மட்டுமே அதன் எண் ஏறும். பாலிசார்பேட்டிடம் மரபு வரிசை எதுவும் கிடையாது. ஆகவே ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதலோடு பி.சி.ஆர். எண்ணே சரியென்று முடிவாகி, அடுத்தடுத்த டோஸ்கள் அதன்படி சரிசெய்யப்பட்டன. முதலில் குறைவாகப் பெற்றவர்களுக்கும் இரண்டாவது தடவை முழு டோஸ் போடப்பட்டது. அப்படி உருவானதுதான் அந்த "அரை டோஸ் குழு".

அப்படியானால் 90 சதவீதம்? அதை அரை டோஸின் மகிமை என்று எடுத்துக்கொள்ள இடமில்லை. அந்தக் குழுவில் தடுப்பூசி பெற்ற 1,367 பேரில் 3 பேருக்கும், ஒப்பீட்டுக் குழுவில் 1,374 பேரில் 30 பேருக்கும் நோய் வந்தது. எண்ணிக்கை சிறியது. அந்தக் குழுவில் 55 வயதுக்கு மேற்பட்டவர்கள் இல்லை. முறையைச் சரிசெய்யும் இழுபறியில் அவர்களுக்கு இரண்டு டோஸ்களுக்கு நடுவே இடைவெளியும் நீண்டுவிட்டது. பலனைக் கூட்டியது அந்த இடைவெளிதான் என்பதே பின்னர் வந்த பகுப்பாய்வுகள் சுட்டிய விளக்கம். கடைசியில் அனுமதியும் இரண்டு முழு டோஸ்களுக்குத்தான் கிடைத்தது.

## தடுப்பூசிக் கூடத்தில் ஒளியின் மற்ற வேலைகள்

எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளில் கேள்வி வேறு. ஃபைசர் தடுப்பூசியின் ஒரு டோஸில் 30 மைக்ரோகிராம் ஆர்.என்.ஏ. இருக்கிறது. அது கொழுப்பு நுண்கோளங்களுக்குள் இருந்தால்தான் செல்லுக்குள் நுழையும். வெளியே மிதப்பது வீண். உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு? இங்கே ஒளிர்தல் கைகொடுக்கிறது. ஆர்.என்.ஏ.வில் ஒட்டினால் மட்டுமே பளிச்சென்று ஒளிரும் ஒரு சாயத்தைச் சேர்த்து அளந்தால், வெளியே இருக்கும் ஆர்.என்.ஏ. மட்டும் தெரியும். பிறகு சோப்புப் பொருளைச் சேர்த்துக் கோளங்களை உடைத்துவிட்டு மறுபடி அளந்தால் மொத்தமும் தெரியும். முதல் தடவை 4, இரண்டாவது தடவை 100 என்று வந்தால், 96 சதவீதம் உள்ளே இருந்திருக்கிறது. எளிமையும் கெட்டிக்காரத்தனமும் சேர்ந்த சோதனை இது.

புரதத் தடுப்பூசிகளில், புரதத்தின் மடிப்பு கலையாமல் இருக்கிறதா என்று பார்க்க டிரிப்டோஃபானின் ஒளிர்வு உதவுகிறது. மடிப்புக்குள் ஒளிந்திருக்கும்போது அது 330 நானோமீட்டர் பக்கம் ஒளிரும். மடிப்பு அவிழ்ந்து தண்ணீர் பட்டால் 350 பக்கம் நகர்ந்துவிடும். குளிர்பதனப் பெட்டிக்கு வெளியே கிடந்து கெட்டுப்போன புரதத்தை இப்படி அடையாளம் காணலாம்.

இன்னொரு வேலை, மூடிய குப்பியைத் திறக்காமலேயே அசலா போலியா என்று பார்ப்பது. இதற்கு ராமன் விளைவு தேவைப்படுகிறது. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன், கே.எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து 1928இல் கல்கத்தாவில் கண்டது இது: சிதறும் ஒளியில் மிகமிகச் சிறிய பங்கு, ஏறத்தாழ கோடியில் ஒன்று, நிறம் மாறி வெளியே வருகிறது. எவ்வளவு மாறுகிறது என்பது மூலக்கூறின் அதிர்வைப் பொறுத்தது. 532 நானோமீட்டர் பச்சை லேசரைப் புரதத்தின்மேல் அடித்தால், அதில் உள்ள ஃபினைலாலனின் என்ற அமினோ அமிலம் ஒரு துளி ஒளியை 562 நானோமீட்டராக மாற்றி அனுப்பும். ஒவ்வொரு பொருளுக்கும் இப்படி ஒரு கைரேகை உண்டு. லேசர் படும் இடத்திலிருந்து சற்றுத் தள்ளி ஒளியைச் சேகரித்தால், கண்ணாடியின் கைரேகையை ஒதுக்கிவிட்டு உள்ளே இருப்பதன் கைரேகையைப் பெறலாம். விமான நிலையங்களில் திரவப் பாட்டில்களைச் சோதிக்கும் கருவிகளிலும் இந்த உத்தி இருக்கிறது.

ஆனால் குப்பியிலிருந்து வரும் குரல் வைரஸுடையதல்ல. கோவிஷீல்டு குப்பியில் சர்க்கரை மில்லிகிராம் கணக்கில் இருக்கிறது; வைரஸ் மைக்ரோகிராம் கணக்கில். லேசருக்குக் கேட்பது சர்க்கரையின் குரல். வெறும் உப்புநீர் அடைத்த போலியைப் பிடிக்க அது தாராளமாகப் போதும். அசல் மருந்து வெயிலில் கிடந்து வீரியம் இழந்துவிட்டதா என்பதை அது சொல்லாது. 2021 ஆகஸ்டில் இந்தியாவிலும் உகாண்டாவிலும் போலிக் கோவிஷீல்டு கிடைத்ததாக உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. அதில் ஒரு வகை போலி என்று தெரிந்துகொள்ள லேசர் தேவைப்படவில்லை: அந்தக் குப்பி 2 மில்லிலிட்டர், அசல் நிறுவனம் அந்த அளவில் குப்பியே தயாரிக்கவில்லை.

## எச்சிலில் வைரஸைத் தேடும்போது

குப்பிக்குள் சர்க்கரை செய்வதை, எச்சிலுக்குள் நம் உடலே செய்கிறது. ஒரு கொரோனா வைரஸின் எடை ஏறத்தாழ ஒரு ஃபெம்டோகிராம். ஒரு கிராமைக் கோடியால் வகுத்து, வந்ததைப் பத்துக் கோடியால் வகுத்தால் கிடைப்பது. ஒரு மில்லிலிட்டர் எச்சிலில் பத்து லட்சம் வைரஸ்கள் இருந்தாலும் அவற்றின் மொத்த எடை ஒரு நானோகிராம்தான். அதே எச்சிலில் நம்முடைய சொந்தப் புரதம் ஒரு மில்லிகிராம் அளவில் இருக்கிறது. பத்து லட்சத்துக்கு ஒன்று. திருவிழாக் கூட்டத்தில் ஒருவரின் முணுமுணுப்பைக் கேட்பது போன்றது. அதுவும் முணுமுணுப்பவர் பேசும் மொழியும் கூட்டத்தின் மொழியும் ஒன்றுதான். வைரஸின் புரதமும் நம் புரதமும் ஒரே அமினோ அமிலங்களால் ஆனவை.

இதைத் தாண்ட இரண்டு வழிகள் முயலப்படுகின்றன.

முதலாவது, குரலைப் பெருக்குவது. சொரசொரப்பான வெள்ளி, தங்கப் பரப்பின்மேல் ஒட்டிய மூலக்கூறின் ராமன் ஒளி பத்து லட்சம் மடங்குக்கு மேலும் பெருகும். 1974இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் வெள்ளி மின்வாயில் முதலில் தென்பட்ட விளைவு இது. ஆனால் பரப்பில் ஒட்டுவது வைரஸ் மட்டும்தானா? குறிப்பிட்ட வைரஸைப் பிடிக்கும் ஆன்டிபாடியைப் பரப்பில் பூசாவிட்டால், எச்சிலில் உள்ள எல்லாமே ஒட்டும், எல்லாமே பெருகும்.

இரண்டாவது, கணினியைப் பழக்குவது. நோயாளிகளின் எச்சில் நிறமாலையையும் நலமாக உள்ளவர்களுடையதையும் கொடுத்து வேறுபாட்டைக் கற்கச் செய்கிறார்கள். 95 சதவீதத் துல்லியம் என்ற வகைச் செய்திகள் பெரும்பாலும் இங்கிருந்து பிறக்கின்றன. இதில்தான் எனக்கு நம்பிக்கை குறைவு. நோயாளி மருத்துவமனையில் இருப்பவர், காய்ச்சலில் நாக்கு வறண்டவர், மாத்திரை விழுங்கியவர். நலமானவர் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர். காலையில் இட்லி சாப்பிட்டவர். கணினி கண்ட வேறுபாடு இதில் எதுவாகவும் இருக்கலாம். வைரஸ் அந்தப் பட்டியலின் கடைசியில் நிற்கிறது.

இவ்வளவுக்கும் நடுவே ஒரு வேடிக்கை: நாம் ஏற்கெனவே நம்பும் சோதனைகளும் ஒளியால்தான் இயங்குகின்றன. பி.சி.ஆர். கருவி ஒவ்வொரு சுற்றிலும் பார்ப்பது ஒரு சாயம் 520 நானோமீட்டரை ஒட்டி ஒளிர்வதை. வீட்டில் செய்துகொள்ளும் பல ஆன்டிஜென் சோதனை அட்டைகளில் தோன்றும் சிவப்புக் கோடு தங்க நுண்துகள்களின் நிறம். பச்சை ஒளியை அவை விழுங்குவதால் சிவப்பாகத் தெரிகின்றன. டெங்கு வைரஸின் என்.எஸ்.1 என்ற புரதத்தைத் தேடும் எலிசா சோதனையிலும் கடைசியில் ஒரு கருவி நிறத்தின் அடர்த்தியைத்தான் படிக்கிறது. வேறுபாடு, ஒளி வருவதற்கு முன்னால் நடப்பதில் இருக்கிறது. பி.சி.ஆர்.இல் மரபு வரிசையும், மற்ற இரண்டில் ஆன்டிபாடியும் "இன்னார்தான்" என்று அடையாளம் காட்டிவிடுகின்றன. பி.சி.ஆர். அதற்கு மேலும் போய், 20 சுற்றுகளில் ஒன்றைப் பத்து லட்சமாகப் பெருக்கியும் கொடுக்கிறது. அதன் பிறகு ஒளியின் வேலை எவ்வளவு என்று சொல்வது மட்டுமே.

ஆகவே அடுத்த தடவை ஒரு லேசர் கருவி பற்றிய அறிவிப்பு வந்தால், கேட்க வேண்டியவை இவை:

1. மில்லிலிட்டருக்கு எத்தனை வைரஸ் இருந்தால் கண்டுபிடிக்கிறது? தூய நீரிலா, உண்மையான எச்சிலிலா?
2. "நோய் இல்லை" என்ற பக்கத்தில் யாருடைய மாதிரிகள்? சாதாரணச் சளி, ஃபுளூ காய்ச்சல் உள்ளவர்கள் அதில் இருந்தார்களா?
3. அதே மாதிரியை வேறொரு முறையிலும் அளந்தார்களா? இரண்டு எண்களும் ஒத்துப்போகாத இடத்தில் எதை எடுத்துக்கொண்டார்கள், என்ன காரணத்துக்காக?